இடம் மாறிய இரு சொற்கள்

மூன்றாண்டுகட்கு முன், மழைக்காலத் தொடக்கத்தில், எங்கள் தோட்டத்து அலுவலகத்திற்கு ஆங்கிலத்தில் அச்சிடப்பெற்ற துண்டறிக்கை ஒன்று வந்து சேர்ந்தது. தென்னையையும் செம்பனையையும் துளைத்தழிக்கும் கூன்வண்டைப் பிடிக்கும் பொறியை விற்பவர்கள் விடுத்த அறிக்கை அது. தென்னமெரிக்காவில் ஸ்பானிய மொழியில் எழுதப்பெற்றுப் பின்னர் யாரோ ஒருவரால் ஆங்கிலமாக்கப்பெற்றது என்பதை அதன் கடைசிப் பக்கம் கூறிற்று. 'பிளேக்' என்னும் சொல் அதில் வரிக்கு வரி வந்தது. பிளேக் இரவில் வரும். பிளேக் கண்ட இடத்தை அன்றே தெரிவிக்கவேண்டும். பிளேக் பற்றியதை வெட்டி எரிக்கவேண்டும். இதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுமாறு எனக்குக் கட்டளை பிறந்தது. பள்ளியில் ஆங்கிலமே பயின்றவன் யான். பிளேக் என்றால் கொள்ளைநோய் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. மரத்தைப் பற்றிய செய்தி என்பதை யான் அறிவேன். பலகையைப் படிப்பவர் அறியார் என்பதை மட்டும் எண்ணாமல், மூன்று வரியில் சுருக்கி எழுதி ஒட்டிவிட்டேன்.

மறுநாட் காலை பிரட்டு முடிவதற்குள் லயத்துத் தாய்மார் மூவர் அலுவலக வாயிலில் வந்து நின்றனர். "கிராணி ஐயா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" என்று அவர்களுள் மூத்தவர் கேட்டார். எங்கள் தோட்டத்தில் இன்று எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவே. 2020ஆம் ஆண்டின் நடமாட்டக் கட்டுப்பாட்டையும், அக்காலத்தே உற்றார் முகம் பாராமல் அடக்கமான உடல்களையும் அவர்கள் மறந்தாரல்லர். ஒரு குடும்பம் முதல்நாள் இரவே பிள்ளைகளோடு உறவினர் வீட்டிற்குப் புறப்பட்டுப் போயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன். ஒரு வண்டைப் பற்றிய அறிவிப்பு அது! தாளைக் கிழித்துவிட்டு, 'கூன்வண்டு' என்று எழுதி மீண்டும் ஒட்டினேன். மூலத்தை எழுதிய ஸ்பானியர் பிழை செய்தாரல்லர். ஆங்கிலமாக்கியவர் காதினால் மொழிபெயர்த்தார். யான் அவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வெட்கமே என்னை அகராதியுங் கையுமாக மாலைதோறும் உட்கார வைத்தது. ஸ்பானிய மொழியில் புலமை பெற்றேன் என்று சொல்லத் துணியேன். ஆயினும், பூச்சியும் நோயும் பற்றிய அம்மொழிச் சொற்கள் ஆங்கிலத்திற்குள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதை ஓரளவு ஆராய்ந்திருக்கின்றேன். அதனை இவ்விதழ் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்பானியத்தில் 'பிளாகா' என்றும் 'பெஸ்தே' என்றும் இரு சொற்கள் உள. ஆங்கிலத்தில் 'பிளேக்' என்றும் 'பெஸ்ட்' என்றும் இரு சொற்கள் உள. ஒலியால் பார்த்தால் பிளாகாவுக்குப் பிளேக்கும், பெஸ்தேக்குப் பெஸ்ட்டும் உடன்பிறப்புக்கள். பொருளால் பார்த்தாலோ, முற்றும் மாறிக் கிடக்கின்றன. பயிரைத் தின்னும் பூச்சி ஸ்பானியனுக்குப் பிளாகா, ஆங்கிலேயனுக்குப் பெஸ்ட். மனிதரையும் மாட்டையும் வாரிக்கொண்டு போகும் நோய் ஸ்பானியனுக்குப் பெஸ்தே; ஆங்கிலேயனுக்குப் பிளேக். உடன்பிறந்தார் இருவர் வீடு மாறிக் குடியேறியது போன்ற நிலை இது. பழைய விலாசத்திற்குக் கடிதம் எழுதுகின்றவன் தவறான ஆளையே அழைப்பான்.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? இலத்தீனில் 'பிளாகா' என்பது அடி, வெட்டு, காயம் என்னும் பொருளது. அச்சொல் மக்கள் வாயில் தேய்ந்து ஸ்பானியத்தில் 'யாகா' ஆயிற்று. இன்றும் அதற்குப் புண் என்பதே பொருள். கோயிற் புத்தகத்தின் வழியே அதே சொல் தேயாமல் மீண்டும் ஒருமுறை வந்தது. எகிப்தின்மேல் கடவுள் அடித்த பத்து அடிகளை அது குறித்தது. அவ்வடிகளுட் சில தவளை, பேன், ஈ, வெட்டுக்கிளி என்னும் உருவில் வந்தமையால், நாளடைவில் அடிக்கும் கடவுள் மறைந்து, அடிக்கும் பூச்சியே பிளாகா ஆயிற்று. ஆங்கிலத்திற்கும் இதே சொல் இதே புத்தகத்தின் வழியாகத்தான் சென்றது. ஆனால் அங்கே இலண்டன் மாநகரை மீண்டும் மீண்டும் தாக்கிய எலிநோய் அச்சொல்லைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. 1722ஆம் ஆண்டில் டீஃபோ வெளியிட்ட நூலின் பெயரிலேயே அச்சொல் அப்பொருளில்தான் நிற்கின்றது. மற்றொன்றாகிய 'பெஸ்டிஸ்' இலத்தீனில் நோய், அழிவு. ஆங்கிலத்தில் அதுவும் முதலில் கொடுநோயையே குறித்தது. நோயாளிகளை ஒதுக்கி வைத்த விடுதிக்குப் 'பெஸ்ட் ஹவுஸ்' என்று பெயர். பின்னர் நோயின் இடத்தைப் பிளேக் பிடித்துக்கொள்ள, பெஸ்ட் கீழிறங்கித் தொல்லை தரும் ஆளுக்கும், அதற்கும் கீழிறங்கிப் பூச்சிக்கும் பெயராயிற்று.

ஸ்பானியத்துப் பெஸ்தே கீழிறங்கவில்லை, பக்கவாட்டில் நகர்ந்தது. கெட்ட காற்றே நோயைக் கொணர்வது என்று முன்னோர் நம்பினமையால், நோய்க்குரிய சொல் நாற்றத்திற்கும் உரியதாயிற்று. குப்பைமேட்டைக் கடந்து போகும் ஸ்பானியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'என்ன பெஸ்தே!' என்றால், ஊரில் கொள்ளைநோய் என்று ஆங்கிலமாக்குவது பேதைமை. நம் மொழியில் நறுமணத்தைக் குறித்த நாற்றம் இன்று எங்கே வந்து நிற்கின்றது என்பதை நினைப்பவர்க்கு இத்தகைய நகர்ச்சி வியப்பாகாது.

நம் மொழியிலும் இதற்கு ஒப்பாவது ஒன்று உண்டு. இலங்கைத் தமிழர் பயிர்ப்பூச்சியைப் 'பீடை' என்றும், அதனைக் கொல்லும் மருந்தைப் 'பீடைகொல்லி' என்றும் அரசாங்க ஏடுகளிலேயே எழுதுகின்றனர். பீடை என்பது துன்பம், வருத்தம். துன்பத்தின் பெயர் துன்பஞ்செய்யும் பூச்சிக்கு ஏறியது பிளாகாவின் கதையே. தமிழகத்தாரும் மலேசியாவில் வாழும் நாமும் 'பூச்சிக்கொல்லி' என்கின்றோம். இது தெளிவு; ஆயினும் சிலந்திப்பேனும் எலியும் நத்தையும் பூச்சியாகா. ஸ்பானியத்தில் இம்மருந்துக்குப் 'பிளாகிசீதா' என்பதே தூய பெயர். இப்போது 'பெஸ்திசீதா' என்பதும் வெளியிலிருந்து நுழைந்து வழங்குகின்றது. சொல்லைப் பிளந்து பார்த்தால், அது ஸ்பானியனுக்குக் கொள்ளைநோயைக் கொல்லும் மருந்து என்றே பொருள்படவேண்டும். வீடு மாறியவருள் ஒருவர் பழைய தெருவிற்கே வந்து வேறொரு வீட்டுக் கதவைத் தட்டுகின்றார்!

இவ்வளவோடு நின்றால், 'பிளாகாவைப் பெஸ்ட் என்று போடு, பெஸ்தேயைப் பிளேக் என்று போடு' என்று ஒரு வாய்பாடு எழுதி முடித்துவிடலாம். பொருள் அத்துணை எளிதன்று. ஆடுமாடுகளிடத்தே இவ்வாய்பாடு உடனே உடைகின்றது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் சபாவில் உறுதி செய்யப்பெற்ற பன்றிநோயை ஸ்பானியர் 'ஆப்பிரிக்கப் பன்றிப் பெஸ்தே' என்பர். ஆங்கிலத்தில் அது பன்றிக் 'காய்ச்சல்'. மாட்டுப் பெஸ்தேக்கு ஆங்கிலேயர் செர்மானியரிடமிருந்து 'ரிண்டர்பெஸ்ட்' என்னும் சொல்லையும் கடன் வாங்கினர். அந்நோய் உலகினின்றும் ஒழிந்தது என 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற நாள்வரை கடன் தீரவில்லை. குதிரைப் பெஸ்தே ஆங்கிலத்தில் வெறும் 'குதிரைநோய்'. இங்கெல்லாம் வேரை ஆராய்ந்து பயனில்லை. கால்நடை மருத்துவர் வழங்குவதையே வழங்கவேண்டும்.

வெட்டுக்கிளியினிடத்தே வேறொரு வேடிக்கை. ஸ்பானியத்தில் 'லாங்கோஸ்தா' என்பது வெட்டுக்கிளிக்கும் பெயர், கடலில் வாழும் சிங்கி இறாலுக்கும் பெயர். உருவத்தை நோக்கினால் இது குற்றமன்று. ஆங்கிலத்தில் அவ்விரண்டற்கும் வழங்கும் இரு பெயர்களும் அதே இலத்தீன் வேரினின்றும் வந்தவையே. ஆங்கிலம் ஒரு தாய்க்கு இரு பிள்ளை என்று பிரித்துக்கொண்டது, ஸ்பானியம் பிரிக்கவில்லை. எனவே வயலை இறால் தின்றது என்று எழுதும் ஆபத்து சோம்பல் மொழிபெயர்ப்பாளனுக்கு எப்போதும் உண்டு. இக்காலத்து இயந்திர மொழிபெயர்ப்புக்கும் உண்டு. மேலும், வெட்டுக்கிளிப் பிளாகாவை ஆங்கிலத்தில் பெஸ்ட் என்றால் எவரும் ஏற்கார். மறைநூல் பழக்கத்தால் அங்கே பிளேக்கே நிற்கவேண்டும். வாய்பாடு இங்கே தலைகீழாகின்றது.

அதனினும் அரிய இடம் லாஸ் காஸாஸ் பாதிரியார் எழுதிய 'இந்தியத் தீவுகளின் வரலாறு'. பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பெற்று, 1875ஆம் ஆண்டு வரை அச்சேறாதிருந்த நூல் அது. ஹிஸ்பனியோலாத் தீவில் ஸ்பானியக் குடியேற்றத்தின் முதல் தலைமுறையிலேயே எறும்புகள் பெருகித் தோட்டங்களை அழித்த செய்தியை அதில் அவர் விரித்துரைக்கின்றார். நாரத்தை இனத்து மரங்களும் 'கான்யாஃபிஸ்தோலா' மரங்களும் தீப்பட்டவைபோல் காய்ந்தன. இந்த இரண்டாவது மரம் எது என்று அகராதியைப் புரட்டியபோது யான் திடுக்கிட்டேன்: அது நம் கொன்றை! பேதிமருந்துக்காக அதன் காயை விற்கும்பொருட்டு அங்கே தோப்புத் தோப்பாக வளர்த்திருந்தனர். எறும்புக்கு அஞ்சிய மக்கள் கட்டிற் கால்களை நீர்த்தொட்டிகளில் நிறுத்தினர். நம் வீடுகளில் சர்க்கரைக் குவளைக்கு இன்றும் செய்வதுதான். மடத்துத் துறவிகள் கூரைமேல் 'சோலிமான்' என்னும் இரசக் கட்டியை வைக்க, எறும்புகள் நெடுந்தொலைவிலிருந்து வந்து அதனைக் கடித்து மாண்டன. இவை போதாவென்று, எந்தப் புனிதர் காப்பாற்றுவார் எனத் திருவுளச் சீட்டுப் போட்டுச் சடூர்னினோ என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். மருந்தும் சீட்டும் ஒருங்கே நடந்தன. எது பலித்தது என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்க.

இந்நிகழ்ச்சியை ஆங்கிலமாக்குவோர் 'எறும்பின் பிளாகா' என்பதை எப்படிச் சொல்வது? இக்கால அறிவியலார் 'இன்ஃபெஸ்டேஷன்' என்று எழுத விரும்புவர். எறும்பாராய்ச்சியில் பெயர்பெற்ற எட்வர்டு வில்சன் 2005ஆம் ஆண்டில் இப்பழஞ்செய்திகளை ஆராய்ந்து, அது வெப்பநாட்டுத் தீயெறும்பாகலாம் என்றும், சாறு உறிஞ்சும் பூச்சிகள் உடன்வந்து மரத்தைக் கெடுத்திருக்கலாம் என்றும் எழுதினார். அவர் கட்டுரையின் தலைப்பில் பிளேக் என்னும் சொல்லே நிற்கின்றது. அது முற்றும் சரியென்பதே என் துணிபு. கூரைமேல் மருந்து வைத்தவர்களே சீட்டும் போட்டார்கள் அல்லவா? அவர்கள் வாயில் பிளாகா என்பது இன்னும் பாதி அடி, பாதிப் பூச்சி. இன்ஃபெஸ்டேஷன் என்று எழுதினால் பூச்சி மட்டும் எஞ்சி, அடி உதிர்ந்துபோம். எனவே, என் தோட்டத்து அறிக்கையில் குற்றமான அதே சொல் லாஸ் காஸாஸ் நூலில் குணமாகின்றது. எழுதியவன் எதற்கு அஞ்சினான் என்று கேளாமல் எந்தச் சொல்லையும் போடலாகாது.

எறும்பில் தவறினால் நடையில் ஒரு குறை, அவ்வளவே. நோயில் தவறினால் வரலாறே பிறழும். 1545ஆம் ஆண்டிலும் 1576ஆம் ஆண்டிலும் மெக்சிகோவில் எண்ணற்ற பழங்குடி மக்கள் மாண்டனர். அவர்கள் தம் நவாட்டில் மொழியில் அதனைக் 'கோகோலிஸ்த்லி' என்றனர். அம்மொழியில் அது நோய் என்னும் பொதுச்சொல்லே. ஸ்பானியர் 'பெஸ்தே' என்றும் 'பெஸ்திலென்சியா' என்றும் எழுதி வைத்தனர். அவர்கட்கும் அது பொதுச்சொல்தான்; அம்மையும் தட்டம்மையும் காய்ச்சலும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் பிளேக் என்று வந்தவுடனே படிப்பவன் மனத்தில் எலி ஓடுகின்றது, நெறி கட்டுகின்றது. மூலம் சொல்லாத நோயை மொழிபெயர்ப்பாளன் சொல்லிவிடுகின்றான்! மருத்துவன் ஆகாதவன் மருந்துச்சீட்டு எழுதுவது போன்றது இது. 2018ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஓவாக்கா நாட்டில் தெப்போஸ்கொலூலா இடுகாட்டுப் பற்களிலிருந்து 'சால்மொனெல்லா' இனத்துக் கிருமியின் தடயங்களைக் கண்டு வெளியிட்டனர். எலிநோய்க் கிருமி அன்று அது. அக்கிருமியொன்றே அத்தனை சாவிற்கும் காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. இத்தகைய இடங்களில் பொதுப்படக் கொள்ளைநோய் என்று பொருள்படும் 'எபிடெமிக்' அல்லது பழைய 'பெஸ்டிலென்ஸ்' என்பதோடு நிற்றலே நேர்மை. இறந்தவர் இன்ன நோயால் இறந்தார் என்று அறியாமல் எழுதுவதற்கு எந்த எழுத்தனுக்கும் உரிமையில்லை. தோட்டத்து இறப்புப் பதிவுகளைப் பார்த்துப் பழகிய கிராணிக்கு இது நன்றாகத் தெரியும். 'காய்ச்சல்' என்ற ஒரு சொல்லால் எத்தனை பேரைப் புதைத்திருக்கின்றோம்!

இனிக் கொசுவுக்கு வருவோம். ஆங்கிலம் 'மொஸ்கிட்டோ' என்பதை ஸ்பானியத்திடம் வாங்கியது. ஸ்பானியத்தில் அதற்குச் சிறு ஈ என்பதே பொருள். அமெரிக்க ஸ்பானியர் பலர் கொசுவைச் 'சாங்கூதோ', அதாவது நெட்டைக்காலன், என்பர். 1800ஆம் ஆண்டில் ஓரினோக்கோ ஆற்றில் சென்ற ஹம்போல்ட்டு அங்குள்ளோர் பூச்சிகளை நேரக்கணக்கால் பிரித்ததைக் கூறுகின்றார். பகலில் கடிப்பது மொஸ்கீத்தோ. அது கொசுவன்று, ஒருவகைக் கறுப்பு ஈ. அந்தியிலும் விடியலிலும் கடிப்பது 'தெம்ப்ரனேரோ', வேளையோடு எழுபவன். இரவிற் கடிப்பது சாங்கூதோ. அவ்வூரார் காலையிற் கண்டவுடன் ஒருவரையொருவர் நேற்றிரவு நெட்டைக்காலன் எப்படி என்று நலம் உசாவினராம். மூலத்தில் மொஸ்கீத்தோ என்று கண்டவிடத்தெல்லாம் ஆங்கிலத்தில் மொஸ்கிட்டோ என்று எழுதிப்போகின்றவன் பகலை இரவாக்குகின்றான். கடன் கொடுத்தவன் சொல்லும் கடன் வாங்கியவன் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருப்பதே இங்கே வந்த கேடு.

இலக்கியத்தில் இத்துறைக்கு உரைகல்லாக யான் கொள்வது கொலம்பியராகிய ஹோசே எவுஸ்தாசியோ ரிவேரா 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லா வொராகினே' என்னும் நாவல். பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதனைப் படித்தல் வேண்டும். அமேசான் காட்டில் இரப்பர் எடுக்கக் கடனுக்கு அடிமையானோர் கதை அது. இதனை 1935ஆம் ஆண்டில் ஜேம்ஸ் என்பவரும், 2018ஆம் ஆண்டில் சாஸ்டீன் என்பவரும் ஆங்கிலமாக்கினர். ஒருமுறைக்கு இருமுறை ஆங்கிலமாக வேண்டிய தகுதி அதற்கு உண்டு. அதில் கிளெமெந்தே சில்வா என்னும் முதியவர் வருகின்றார். மகனைத் தேடிக் காட்டுக்குள் வந்து இரப்பர்த் தொழிலாளியானவர். அட்டை கடித்த கால்கள் புண்ணாகிப் புழுவைத்துப் போயின. புண்ணுக்குரிய யாகாவும் பூச்சிக்குரிய பிளாகாவும் ஒரு வேரின என்று மேலே சொன்னேன். இம்முதியவர் கால்களில் அவ்விரண்டும் மீண்டும் ஒன்றாகக் கூடிவிட்டன.

அந்நிலையைச் சொல்ல ஸ்பானியத்தில் 'எங்குசானாதோ' என்று ஒரே சொல் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இல்லை. 'புழுக்கள் நிறைந்த' என்றோ 'புழு தின்ற' என்றோ தொடராக்க வேண்டும். தொடராக்கியவுடன் புழு வேறு, மனிதன் வேறு ஆகிவிடுகின்றனர். புழு வெளியிலிருந்து வந்த விருந்தாளியாய்விடுகின்றது. ஸ்பானியச் சொல்லிலோ மனிதனே புழுத்துவிட்டான். தமிழன் இங்கே தடுமாற வேண்டியதில்லை. 'புழுத்துப்போன' என்றால் முடிந்தது. இவ்வாறே அந்துப்பூச்சி தின்றதற்குப் 'போலீயா' என்பதினின்றும் ஒரு சொல், மரத்துளைப்பூச்சி தின்றதற்குக் 'கார்கோமா' என்பதினின்றும் ஒரு சொல், நோய்ப்பட்டதற்கும் நாறுவதற்கும் பெஸ்தேயினின்றும் ஒரு சொல் என ஸ்பானியம் பூச்சியின் பெயரையே வினையாக்கிக்கொள்கின்றது. நமக்குச் செல்லரித்தது, உளுத்தது, சொத்தை விழுந்தது என்பன உள்ளன. ஆங்கிலத்தில் பேன் பிடித்தவன் என்பதற்கிருந்த சொல் இன்று வெறும் 'மோசம்' என்னும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது, பேன் ஓடிப்போயிற்று. ஆங்கிலம் பயின்ற யான் அம்மொழியைக் குறைத்துப் பேசுவதாக எண்ணற்க. அதன் செல்வம் வேறிடத்தில் உள்ளது. இவ்விடத்தில் அது ஏழை. ஏழை என்று அறிந்து செலவிடுபவனே அங்கு நல்ல மொழிபெயர்ப்பாளன்.

அதே நாவலில் 'தம்போச்சா' வருகின்றது. இறகில்லாக் குளவி என்னும் பாங்கில் ஆசிரியர் அதனை அறிமுகஞ் செய்கின்றார். ஊனுண்ணும் எறும்பு என்றே படிப்பவர் பலர் கொள்கின்றனர். காட்டில் ஒருவன் அப்பெயரைக் கூவியவுடன் தொழிலாளர் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு ஓடி நீரில் இறங்கிப் பதுங்குகின்றனர். இதனை எறும்பு என்று பெயர்த்தால் அச்சம் போயிற்று. எறும்புக்கு அஞ்சி எவன் குளத்தில் குதிப்பான்? படையெறும்பு என்று பெயர்த்தால் விலங்கியல் வந்தது, கூக்குரல் போயிற்று. அச்சொல் ஒரு பெயரன்று, ஓர் ஓலம். அப்படியே விட்டுவிடுவதுதான் முறை. ஓடுகின்றவர்களின் கால்களே அதற்குப் பொருள் சொல்லும்.

நோயிலும் ஓர் எடுத்துக்காட்டுக் காட்டிவிட்டுச் செல்வேன். கார்சியா மார்க்கேஸ் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நூறாண்டுத் தனிமை'யில் உறக்கமின்மை என்னும் பெஸ்தே ஊரைப் பற்றுகின்றது. ரெபேக்கா என்னும் சிறுமியிடம் அது தோன்றுகின்றது. வீட்டில் செய்து விற்ற மிட்டாய் வழியே ஊரெங்கும் பரவுகின்றது. பின்னர் மறதியாக முற்றி, பொருள்களின் மேலெல்லாம் பெயரெழுதி ஒட்டும் நிலை வருகின்றது. 1970ஆம் ஆண்டில் இதனை ஆங்கிலமாக்கிய கிரிகரி இராபாசா, பிளேக் என்னும் சொல்லைப் பின்னே வைத்து, உறக்கமின்மையை முன்னே வைத்தார். சொல்லின் வரிசைதானே என்று எண்ணற்க. 'பிளேக் ஆஃப்' என்று தொடங்கினால் ஆங்கிலக் காதில் வெட்டுக்கிளிதான் பறக்கும். அத்தொடர் பூச்சிக் கூட்டத்திற்கே உரியதாகிவிட்டது. சொல்லைப் பின்னே தள்ளியதால் அது ஒரு நோயின் பெயர்போல, மருத்துவர் ஏட்டில் ஏறும் பெயர்போல நின்றது. பிளாகாவும் பெஸ்தேயும் வீடு மாறிய செய்தியை இராபாசா தம் காதால் அறிந்திருந்தார். அந்நூலில் பிற இடங்களில் அவரோடு யான் மாறுபடுவதுண்டு. இவ்விடத்தில் தலை வணங்குகின்றேன். கமூவின் பிரெஞ்சு நாவலுக்கு ஸ்டூவர்ட் கில்பர்ட் 1948ஆம் ஆண்டில் இட்ட ஆங்கிலப் பெயரும் அவ்வாறே. ஒலியைப் பின்பற்றிப் 'பெஸ்ட்' என்று இட்டிருப்பாராயின், அண்டைவீட்டுத் துடுக்குப் பையனைப் பற்றிய கதை என்று வாங்கிப் படித்திருப்பர்.

விலங்குகளிலும் இத்தகைய கோணல் உண்டு. ஓநாய், நரி முதலியவற்றை ஸ்பானியர் 'அலிமாஞா' என்று இழிப்பர். 1953ஆம் ஆண்டில் அவற்றை ஒழிப்பதற்கென்றே மாகாணந்தோறும் குழுக்கள் ஏற்படுத்திப் பரிசும் கொடுத்தனர். ஆங்கிலமாக்குவோர் 'வெர்மின்' என்பர். வேறு சொல் இல்லை. ஆயினும் அலிமாஞாவின் வேர் 'விலங்கு', வெர்மினின் வேர் 'புழு'. ஓநாயைக் கொல்பவன் ஸ்பானியத்தில் ஒரு விலங்கைக் கொல்கின்றான். ஆங்கிலத்தில் ஒரு புழுவை நசுக்குகின்றான். மனிதரை இகழ்வதற்கும் இவ்விரு சொற்களையும் எடுப்பதுண்டு. அப்போது இவ்வேறுபாடு சிறிதன்று.

தொழிற்பெயர்களில் மட்டும் எனக்குச் சிறிது பெருமிதம். என்னை வெட்கப்படுத்திய அந்த வண்டு ஸ்பானியத்தில் 'பிகூதோ', அலகுள்ளது. ஆங்கிலத்தில் 'வீவில்', அதன் பொருளை ஆங்கிலேயனே அறியான். தமிழில் கூன்வண்டு. ஒருவன் மூக்கைப் பார்த்தான், ஒருவன் முதுகைப் பார்த்தான். இருவரும் வண்டைப் பார்த்தார்கள். காப்பி இலையில் விழும் 'ரோயா' ஸ்பானியத்தில் செம்மையை வேராக உடையது; இரும்பின் துருவுக்கு அம்மொழியில் 'ஓரீன்' என்னும் வேறு சொல் உண்டு. ஆங்கிலம் இரண்டையும் 'ரஸ்ட்' என்று ஒன்றாக்கிற்று. 1869ஆம் ஆண்டில் இலங்கையில் அறியப்பெற்று, அத்தீவின் காப்பித் தோட்டங்களைக் கெடுத்துத் தேயிலைக்கு வழிவிட்டது அந்நோயே. அதனால் இடம்பெயர்ந்தோர் நம்மவர்.

கொலம்பியாவில் தூமாக்கோ என்னும் கடற்கரைப் பகுதியில் 2006ஆம் ஆண்டிற்குப் பின் 30,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட செம்பனையை அழித்த நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் 'கோகோயோ' அழுகல். ஆங்கில ஏடுகள் அதனை 'பட் ராட்' என்கின்றன. 'பட்' என்றால் மொட்டு. மொட்டு மலரும், செம்பனையின் உச்சியில் நிற்பது மலர்வதன்று. விரியாத ஓலை ஒன்றையொன்று தழுவி, ஈட்டிபோல் எழுந்து நிற்கும் மெல்லிய வெண்பகுதி அது. கோகோயோ என்பது அதனையே குறிக்கும். முட்டைக்கோசின் நடுவிலுள்ள இளங்கொழுந்தையும் அப்பெயராலேயே அழைப்பர். ஆங்கிலேயன் எங்கெங்கோ தேடும் அச்சொல் நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கின்றது: குருத்து.

சென்ற மாதம் அந்நோய் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்று அலுவலகத்திற்கு வந்தது. இம்முறை ஆங்கிலத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இணையத்திலிருந்த ஸ்பானிய மூலத்தைத் தேடிப் படித்தேன். பலகையில் 'குருத்தழுகல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன்கீழ் 'இது மரத்திற்கு வரும் நோய். நம் நாட்டிற்கு இன்னும் வரவில்லை' என்று ஒரு வரி சேர்த்து ஒட்டினேன். மூன்றாண்டுகட்கு முன் வாயிலில் வந்து நின்ற அம்மூதாட்டி அதனைப் பேத்தியைக் கொண்டு படிக்கக் கேட்டுவிட்டு, "குருத்து அழுகினா மரம் எப்படிங்க ஐயா நிக்கும்?" என்றார்.